கறிவேப்பிலைக்கு வாய்த்த வயர்

மச்சாளின் மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள் 412. அத்தனையும் என் புதுப் போனுக்குள். "கொம்பியூட்டரிலை ஏத்தி வையுங்கோ, துலைச்சுப்போடுவீங்கள்" என்றா மனுசி.

எங்கள் கொம்பியூட்டர் விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14-ஆம் திகதியோடு மைக்ரோசாப்டே கைகழுவிவிட்ட பிறவி. போனோடு வந்த வயருக்கு இரண்டு தலையும் சின்னது. கொம்பியூட்டரிலோ அகலத் துளை மட்டும்தான். ஆகவே மலிவாக ஒரு வயர் வாங்கினேன்.

செருகினேன். போன் சார்ச் ஏறியது. கொம்பியூட்டர் மூச்சுக் காட்டவில்லை. வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஆர் எவர் என்று கேளாமல் இருக்கிற வீடு போல. பின்பக்கத் துளையில் செருகினேன். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். நாலு தரம் நிறுத்தி எழுப்பினேன்.

சுவிஸில் நாங்கள் இருக்கிற இதே ஊஸ்டரில், 1832 நவம்பர் 22-ஆம் திகதி, வீட்டுத்தறி நெசவாளர்கள் கோரோடி - பிஃபிஸ்டர் ஆலையைக் கொளுத்தினார்கள். விசைத்தறி வந்தால் தங்கள் அடுப்பு அணையும் என்ற பயம். அரசாங்கம் தடுக்கும் என்று இரண்டு வருசம் பொறுத்துப் பார்த்த சனம். நான் இரண்டு மணித்தியாலம் பொறுத்திருந்தேன். தீப்பெட்டி எந்த லாச்சியில் என்று யோசித்தபோது, சூரிச்சிலிருந்து மகன் வந்து இறங்கினான்.

"அப்பா, வயரை மாத்திப் பாத்தீங்களா?"

அது ஒன்றைத்தான் செய்யவில்லை.

சாதாரண வயருக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. சார்ச்சுக்கு மட்டும் என்று செய்கிற மலிவு வயர்களில் பின்னதை விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நூல் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று அளக்கும் மெசினுக்குப் பேர்போன ஊர் இது. கோயம்புத்தூர் ஆலைக்காரரும் 'ஊஸ்டர்' என்றால் அதைத்தான் நினைப்பார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு மீட்டர் வயரில் இரண்டு கம்பி குறைந்ததை நான் பிடிக்கவில்லை.

மகன் தன் ஹார்ட் டிஸ்க்கின் வயரைச் செருகினான். 'டிங்' என்றது. ஆனால் திரையில் திறந்த பெட்டி வெறுமை! போனைத் திறந்து, மேலிருந்து அறிவித்தலை இழுத்து, 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' என்பதைத் தொட்டான். கண்ட இடத்தில் சார்ச் போடும்போது படங்களை யாரும் உருவாமலிருக்க, கேட்டால்தான் போன் கதவு திறக்குமாம். நானாக இருந்திருந்தால் அந்த அறிவித்தலை விளம்பரம் என்று தள்ளிவிட்டிருப்பேன்.

412 படமும் ஏறின. மலிவு வயரை எறியவில்லை. மனுசி அதால் கறிவேப்பிலைச் செடியைத் தடியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறா. அதற்கு இரண்டு கம்பி காணும்.