மேலகரத்து கேம் மாஸ்டர்

1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற ஊரில் ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. இன்சூரன்ஸ் வேலை போய், வீட்டு நிலவறையில் செருப்பு தைத்துக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸும், அவர் கூட்டாளி டேவ் ஆர்னசனும் எழுதிய ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் அதில் இருந்தது. விலை 10 டாலர், முதல் பதிப்பு 1,000 பிரதிகள். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டி, “நான் இதைச் செய்கிறேன்” என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். உலகமே வாயைப் பிளந்தது.

தென்காசிக்காரன் பிளக்க வேண்டியதில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே திரிகூடராசப்பக் கவிராயர் கடையைத் திறந்துவிட்டார். அவருடைய ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யில் வேஷம் உண்டு, காடு மலை உண்டு, தேடல் உண்டு, கடைசியில் நகை நட்டும் உண்டு. பகடை ஒன்றுதான் பாக்கி. புதிதாக கேம் மாஸ்டர் ஆகிறவர்கள் தடித்தடி விதிப்புத்தகம் வாங்குமுன் கவிராயர் ஆட்டத்தை நடத்திய லட்சணத்தைப் பார்க்கலாம்.

முதல் வேலையாகக் கட்டியக்காரனை இறக்கினார். கையில் பிரம்போடு வந்து, “வருகிறார் திரிகூடநாதர், விலகுங்கள்” என்று அறிவித்தான். அவ்வளவுதான், ஆட்டம் ஆரம்பம். நம் புதுமுகம் என்ன செய்வார்? ஏழு ராஜ்ஜியம், பதினாலு தலைமுறை, மூன்று பஞ்சம் என்று முன்கதையை ஒன்றரை மணி நேரம் படிப்பார். அதற்குள் ஆட்டக்காரர்கள் பார்டர் புரோட்டா கடைக்கு நடையைக் கட்டியிருப்பார்கள்.

பிறகு அந்தத் திரிகூடநாதர், குற்றாலத்துச் சிவன் சாமி, காளை மேல் பவனி வந்தார். வந்தார், போனார். பாட்டுடைத் தலைவர் அவர்தான். ஊரே அவருடையது, அருவி அவருடையது, கவிராயரும் அவர் கோயில் வித்துவான்தான். ஆனாலும் முதலாளி மேடையை அடைத்துக்கொண்டு நிற்க விடவில்லை. படைத்துக் காத்து அழிக்கிறவர் நடுவில் நின்றால் மற்றவர்களுக்கு என்ன வேலை? புது கேம் மாஸ்டர்கள் தாங்களே செல்லமாக வளர்த்த மந்திரவாதியைக் கூட்டிவந்து, அவனையே எல்லா அரக்கனையும் கொல்லவிட்டு, ஆட்டக்காரர்களைக் கைதட்டச் சொல்வது இந்த இடத்தில்தான்.

பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி பவனியைப் பார்த்தாள். காதல், மயக்கம், சந்தனப் பூச்சு. ஒன்றும் அறியாத நிலாவுக்கு நல்ல திட்டு. அடுத்து தோழியைத் தூது அனுப்பினாள். கதை இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் போலிருந்தபோது, கவிராயர் கூடையோடு ஒருத்தியை உள்ளே அனுப்பினார்: குறத்தி சிங்கி.

வந்தவள் மலையை வர்ணித்தாள் பாருங்கள்! ஆண் குரங்கு பெண் குரங்குக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சுகிறது. தேனருவித் திவலை வானம் வரை தெறித்து, சூரியனின் குதிரைக்கும் தேருக்குமே கால் வழுக்குகிறது. பகடையில் சூரியனுக்கு ‘ஒன்று’ விழுந்து காரியம் கெட்டிருக்கிறது என்று பொருள். மலை இத்தனை அடி உயரம், அகலம் இவ்வளவு என்று அவள் சர்வே எண் வாசிக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் யாரோ எதையோ செய்கிறார்கள். கேட்கிறவனுக்குச் சாரல் முகத்தில் அடிக்கிறது. இடத்தை வர்ணிக்கிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

குறி சொல்லவும் அவள் அவசரப்படவில்லை. முதலில் சாப்பாடு, பிறகு சடங்கு, பிறகு கை பார்த்தல். உன் ஆள் திரிகூடநாதர்தான் என்ற ஊரறிந்த ரகசியத்தை உடைப்பதற்குள் வசந்தவல்லியைத் தவிக்கவிட்டு, நகைகளையும் வாங்கிக்கொண்டாள். துணைப் பாத்திரமாக வந்தவள் நூலின் பெயரையே தன் பேரில் பட்டா போட்டுக்கொண்டாள். ‘திரிகூடநாதர் பவனி’ என்றா உலகம் சொல்கிறது? குறவஞ்சி என்றுதானே சொல்கிறது!

இந்த நேரத்தில் அவள் புருஷன் சிங்கன், கூட்டாளி நூவனோடு பறவை பிடிக்க வந்தான். கண்ணி பறவைக்கு, கண் சிங்கிக்கு. கதையின் பெரிய காதல் ஒரு பக்கம் கிடக்க, இவன் பெண்டாட்டியைத் தேடி அலைவதே தனி ஆட்டமாகிவிட்டது. புது கேம் மாஸ்டராக இருந்தால், “ஏலே, கதை அந்தப் பக்கம் இருக்கு, இங்கே ஏன் வந்தே?” என்று காதைத் திருகி இழுத்துப் போயிருப்பார். கவிராயர் பேசாமல் பின்னாலேயே போனார்.

போனதற்குப் பலன் கிடைத்தது. சிங்கியைக் கண்டதும் சிங்கனுக்கு அவள் காலில் கிடப்பது சிலம்பாகத் தெரியவில்லை, விரியன் பாம்பாகத் தெரிந்தது. பாடகம் மண்புழுவாகத் தெரிந்தது. அவன் ஒவ்வொன்றாகக் கேட்க, எந்த நாட்டில் யாருக்குக் குறி சொல்லி வாங்கியது என்று அவள் ஒவ்வொன்றாகக் கணக்கு ஒப்பித்தாள். நூலில் பலருக்கும் மனப்பாடமான பகுதிகளில் இதுவும் ஒன்று. இந்த வேடிக்கை, நூலின் நாயகிக்கும் நாயகனுக்கும் இடையே நடக்கவில்லை. வழி தவறிப் போன ஒரு வேடனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் நடந்தது.

சம்பளம்? 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலமே கொடுத்தார்; அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். அமெரிக்கக் கூட்டாளிகளுக்குள்ளோ கோர்ட் வழக்கு வந்தது. உரிமைத்தொகை கேட்டு 1979-இல் ஆர்னசன் வழக்குப் போட்டார்.

ஆகவே, புதிதாக மேசைக்குத் தலைமை தாங்குகிறவர்களே, சாமியைச் சீக்கிரம் பவனி அனுப்பிவிடுங்கள். சிங்கன் எந்தப் பக்கம் ஓடுகிறானோ அந்தப் பக்கம் நீங்களும் ஓடுங்கள். நிலம் கிடைக்காவிட்டாலும், அடுத்த வாரம் ஆட்டத்துக்கு ஆள் வருவார்கள்.