கண்ணோயும் ஒரு கிழமையும்

எண்பதுகளில் ஊர்காவற்றுறையில் எங்கள் வளவில் ஒருவருக்குக் கண்ணோய் வந்தால் அம்மம்மா முதலில் சொல்வது மருந்தில்லை. "அவன்ரை கண்ணைப் பாக்காதை, உனக்கும் தொத்தும்!" பார்த்தால் தொற்றாதுதான். ஆனால் அந்தப் பயத்தில் தலையணையும் துவாயும் தனியாகிவிடும். யாரும் நோயாளிக்குக் கிட்டப் போகமாட்டார்கள். காரணம் பிழை, காரியம் சரி. பிறகு நந்தியாவட்டைப் பூ ஊறின தண்ணி, அல்லது பிள்ளை பெற்ற வீட்டில் கேட்டு வாங்கிய தாய்ப்பால். ஒரு கிழமையில் கண் தெளியும். பேர் பூவுக்கு.

1990இல் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போனோம். பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் அருமையாகி, பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம். சொட்டு மருந்தை யார் கண்டது? அப்போதும் ஒரு கிழமைதான்.

இப்போது தீவுப்பகுதியில் நோயாளர் பார்க்கிறேன். வருகிறவர்கள் பாமசியில் வாங்கிய சொட்டுப் போத்தலோடு வருகிறார்கள். "மூண்டு நாளாய் விடுறன் டொக்டர், கேக்குதில்லை." கண்ணிலிருந்து தண்ணியாய் வடியும். காதுக்கு முன்னால் விரலை வைத்தால் சின்னக் கட்டி தட்டுப்படும். பெரும்பாலும் அடினோ வைரஸ். அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. கையைக் கழுவுங்கள், துவாயைத் தனியே வையுங்கள், குளிர்ந்த தண்ணியில் நனைத்த துணியை வையுங்கள் என்றால் முகம் சுருங்குகிறது. "இதைத்தானே ஆச்சியும் சொன்னவ!" கண் தெளிந்ததும் பேர் போத்தலுக்கு.

எல்லாச் சிவப்புக்கண்ணும் அப்படியில்லை என்பதுதான் சங்கடம். வேலி அடைக்கும்போது பனங்கருக்குக் கீறின கண்ணில் பூஞ்சணம் ஏறலாம். அதற்குப் பூத்தண்ணி அன்றும் கெடுதல்தான். இன்றைக்கு அந்த இடத்துக்கு, யாரோ மிச்சம் வைத்த ஸ்டீரொய்ட் சொட்டு வந்திருக்கிறது. இரண்டு நாளில் சிவப்பு வடியும், ஆளுக்குப் புளுகம்; கருவிழிப் புண் அடியால் பரவும்.

ஆகவே நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் கோயில் கலண்டரை வாசிக்கச் சொல்வேன். எழுத்து மங்கினால், நோ கடுமையானால், வெளிச்சம் கூசினால் புளோரசீன் தாளைத் தொட்டு நீல வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். கீறல் பச்சையாய் எரியும். அப்படியானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் துண்டு எழுதவேண்டியதுதான்.

நெடுந்தீவு ஆளென்றால் குறிகட்டுவானுக்கே ஒரு மணித்தியாலக் கடல், பிறகு பஸ். "லோஞ்சு போட்டுது டொக்டர். ஒரு சொட்டு எழுதித் தாங்கோவன், அடுத்த கிழமை போறன்." மறுத்தால், பக்கத்துத் தீவில் கைராசியான டொக்டர் ஒருவர் இருக்கிறாராம், அவர் கேட்ட உடனே எழுதுவாராம்.