டிபன்: ஒரு திசைச்சொல்லின் திணைமயக்கம்

பஸ், லைட், ஸ்விட்ச் முதலிய ஆங்கிலச் சொற்கள் தமிழுக்கு வந்தபோது தத்தம் பொருளையும் கையோடு கொண்டுவந்தன. 'டிபன்' மட்டும் கொண்டுவந்த பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு நேர் எதிரான பொருளில் இங்கே குடியேறியது. இந்த முறைகேட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொற்பிறப்பு

1785-இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட ஆங்கிலக் கொச்சைச் சொல் அகராதியில் 'டிஃபிங்' என்றொரு சொல் உண்டு. வேளை அல்லாத வேளையில் தின்பதும் குடிப்பதும் என்பது அதன் பொருள்களுள் ஒன்று. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதன் வழிவந்த 'டிஃபின்' என்ற பெயரைத் தங்கள் மதியச் சாப்பாட்டுக்குச் சூட்டினார்கள். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் அப்படியே பதிவுசெய்கிறது. அதன் தொகுப்பாசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஆகவே தஞ்சைத் தரணியின் தீர்ப்பும் அதுவே: டிபன் என்பது மதியச் சாப்பாடு.

இத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு பழைய சைவ ஓட்டலில் போய் டிபன் கேட்டுப் பாருங்கள். "டிபன் மூணு மணிக்கு மேலதான் சார், இப்ப மீல்ஸ்தான்" என்பார் சர்வர். வாசல் கொக்கியில் தொங்கும் 'சாப்பாடு தயார்' தகரப் பலகை அதற்கு ஆவணச் சான்று.

2. முதற்பொருள்

சிறுபொழுது ஆறு என்பது இலக்கண மரபு. காலையும் மாலையும் டிபனுக்கே உரியவை. யாமத்திலும் கையேந்தி பவனில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். நண்பகல் ஒன்றே விலக்கு. எந்தப் பொழுதுக்கு வெள்ளைக்காரன் இப்பெயரை வைத்தானோ, அந்த ஒரு பொழுதில் மட்டும் அது செல்லாது.

3. கருப்பொருள்

சோறு அல்லாதது டிபன் என்பது பொதுமக்கள் கொள்கை. இது ஆய்வுக்கு நிற்காது. இட்லி மாவில் நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. ஊறுதல், அரைபடுதல், புளித்தல், வேகுதல் என்னும் நான்கு சம்ஸ்காரங்களால் அரிசி தன் பூர்வாசிரமத்தைத் துறந்துவிடுகிறது என்று கொள்கைவாதிகள் சமாதானம் சொல்வர். அப்படியானால் வெண்பொங்கல்? வேகுதல் தவிர வேறெந்தச் சம்ஸ்காரமும் இல்லாமல், பாசிப்பருப்போடு குழைந்த அப்பட்டமான சோறு அது. நெய்யும் மிளகும் முந்திரியும் பரிந்துரைத்ததால் டிபன் வகுப்பில் சேர்ந்திருக்கிறது.

எனவே வேறொரு கொள்கையை முன்வைக்கிறோம். தொட்டுக்கொண்டு தின்பது டிபன். பிசைந்து தின்பது சாப்பாடு. இதன்படி பொங்கலுக்குக் கொத்சு தொட்டுக்கொள்ளப்படுவதால் சிக்கல் தீர்கிறது. தோசை, பூரி, அடை அனைத்தும் அடங்குகின்றன. ஆனால் தென்மாவட்டங்களில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஏரி மட்டத்துக்கு ஊற்றி, ஐந்து விரலாலும் பிசையும் வழக்கம் உண்டு. அதைப் புறனடையாகக் கொள்க. ரவா உப்புமாவுக்குச் சீனி தொட்டுக்கொள்வோர் பற்றி இக்கட்டுரை கருத்துக் கூறவில்லை.

4. வினைமுடிபு

டிபன் 'சாப்பிடு' என்னும் வினையைக் கொள்ளும்; ஆனால் அவ்வினையை நிறைவேற்றாது. சான்று:

"சாப்பிட்டாச்சா மாமா?"

"இன்னும் இல்லம்மா. டிபன்தான் ஆச்சு."

ஆன டிபன் ஆறு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட், இரண்டு மெதுவடை. இருந்தும் மாமா சாப்பிடாதவராகவே கருதப்பட்டு அவருக்கு இலை போடப்படும். அமாவாசை இரவு சாப்பிடாதவர் இதே விதியின் பயனாக அடையும் அவியலும் உண்பார். "ராத்திரி சோத்தை விட்டுட்டேன், டாக்டர் சொல்லிட்டார்" என்பவர் நாலு ஊத்தப்பத்தோடு மருத்துவ விதியைக் காப்பாற்றுவார். உண்டும் உண்ணாமை என்னும் இந்நிலை தத்துவ நூலார் கவனத்துக்கு உரியது.

5. தொல்பொருள் சான்று

சொல் மாறினாலும் பாத்திரம் மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் திறக்கப்படும் டிபன் பாக்ஸில் இருப்பது எலுமிச்சம்பழச் சாதம், மூடியில் ஒட்டிய உருளைக்கிழங்கு வறுவல். எவர்சில்வர் டிபன் கேரியரின் அடித்தட்டில் சோறு, அடுத்ததில் குழம்பு, அதற்கு மேல் ரசம், உச்சியில் பொரியல். மும்பையின் டப்பாவாலாக்கள் சுமக்கும் டிபனும் மதியச் சாப்பாடே. ஹாப்சன்-ஜாப்சன் பொருளை நம் நாட்டில் இன்றுவரை பிசகாமல் காத்துவரும் தமிழறிஞர் எவர்சில்வர் ஒருவரே.

6. முடிபு

அடுத்து வரும் தமிழகராதியில் கீழ்க்கண்டவாறு திருத்தம் செய்யப் பரிந்துரைக்கிறோம்:

டிபன் (பெ.): எவ்வளவு உண்டாலும் உண்டதாகக் கணக்கில் வராத உணவு.

டிபன் பாக்ஸ் (பெ.): சாப்பாடு வைக்கும் பாத்திரம்.