நூற்று நான்கு கவுளி: வேலூர்க் கனவானை அளக்கும் முறை

கனவான் யார் என்ற கேள்விக்கு இங்கிலாந்துக்காரர்கள் வாசற்கதவு வைத்து விடை கண்டார்கள். 1806-இல் தொடங்கி 1962 வரை அங்கே ‘ஜென்டில்மென்’ அணியும் ‘பிளேயர்ஸ்’ அணியும் கிரிக்கெட்டில் மோதின. காசு வாங்காமல் ஆடினால் கனவான். கூலிக்கு ஆடினால் வெறும் ஆட்டக்காரர். உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் களத்துக்கு இறங்கும் வாசலும் வேறு. ஸ்கோர் அட்டையில் கனவானுக்கு இனிஷியல் முன்னால், மற்றவருக்குப் பின்னால். லார்ட்ஸ் மைதானத்தில் ஒருமுறை டிட்மஸ் என்ற ஆட்டக்காரரின் இனிஷியல் தவறி முன்னால் விழுந்துவிட, ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள்.

இந்த அளவுகோல் பரமத்தி வேலூரில் ஒரு நாள் தாங்காது. இங்கே கல்யாணப் பத்திரிகையில் எல்லார் இனிஷியலும் முன்னால்தான்.

மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கனவான் தயாராக உண்டு: திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன். ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர், பிற்பாடு இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர். ஆனால் ஜமீன்தாரை ஆய்வுக்கு எடுத்தால், சோதனை தொடங்குமுன்பே முடிவு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். ஆகவே களம் டீக்கடைக்கு மாற்றப்பட்டது.

முதலில் கருத்துநிலை. வேலூர் வெற்றிலைச் சந்தையில் விலை சொல்வது சுமைக்கு. நூறு இலை ஒரு கவுளி; ஒரு சுமைக்கு 104 கவுளி. வெள்ளைக்கொடியோ கற்பூரியோ, இளம்பயிரோ முதிகாலோ, கணக்கு அதுதான். நூறோடு நிறுத்தாமல் நாலு சேர்த்துக் கட்டும் ஊரில் பெரிய மனுசத்தனத்தின் அளவும் நூற்றுக்கு நாலாகத்தான் இருக்க முடியும் என்பது இவ்வாய்வின் துணிபு. அதற்குக் குறைந்தால் கஞ்சன். ரொம்பக் கூடினால் ஆள் தேர்தலில் நிற்கப்போகிறார்.

ஜான் ஹென்றி நியூமன் 1852-இல் வெளியிட்ட பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில், பிறருக்கு நோவு தராதவனே கனவான் என்று வரையறுத்தார். பாவம், அவர் கொங்கு நாட்டுச் சண்டையைக் கேட்டதில்லை. வாழைத்தார் ஏலம் முடிந்து கணக்கில் தகராறு வந்தால் இங்கே இப்படித்தான் ஆரம்பிக்கும்: “ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா?” நோவு முழுசாகப் போய்ச் சேர்கிறது; மரியாதையில் எள்ளளவும் குறைவில்லை. இவரை எந்த அணியில் சேர்ப்பது?

இனி டீக்கடை. நாலு பேர் குடித்து முடித்ததும் கல்லாவுக்கு முன்னால் கைகள் நீள்கின்றன. “உடுங்க மாமா, நான் குடுத்துக்கறனுங்க.” “அட, சும்மா இருங்க மாப்ள.” இங்கே உடைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. வெள்ளைச் சட்டையின் மேல்பையில் நோட்டு வெளியே தெரிய வைத்திருப்பவர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஜெயிப்பார். வேட்டியை ஒதுக்கி, உள்ளே பட்டாபட்டி டிராயர் பைக்குள் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதன் ரப்பர் பேண்டைக் கழற்றுபவர் தோற்பார். தோற்பதற்கென்றே பணத்தை அங்கே வைக்கிறார் என்று ஒரு சாராரும், பஸ்ஸில் பிக்பாக்கெட் பயம் என்று இன்னொரு சாராரும் வாதிடுவதுண்டு. ரப்பர் பேண்டின் சுற்றுகளை எண்ணினால் வழக்கு முதல் சாராருக்கே சாய்கிறது.

2016-இல் யுபிஐ வந்தது. இந்த நுட்பமெல்லாம் குலைந்தது. இப்போது யாரும் யார் கையையும் பிடித்துத் தடுக்க முடிவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஸ்கேன் செய்துவிடலாம். அதைவிட மோசம், கல்லாவில் இருக்கும் ஒலிப்பெட்டி. இடது கை அறியாமல் கொடுத்த அறுபது ரூபாயை அது கடைவீதிக்கே கேட்கும்படி அறிவிக்கிறது. அடக்கமாகக் கொடுத்தவர் வெட்கப்பட்டு ஃபோனைப் பார்க்கிறார். தராதவரும் ஃபோனைத்தான் பார்க்கிறார்.

இருவர் ஒரே சமயத்தில் ஸ்கேன் செய்துவிட்டால் பெட்டி இரண்டு முறை கத்தும். அறுபது, மறுபடி அறுபது. திருப்பித் தரக் கடைக்காரர் முன்வந்தாலும் இருவரும் வாங்க மாட்டார்கள். “அவருக்குக் குடுங்க” என்று ஒருவரையொருவர் காட்டிவிட்டு மொபெட்டைக் கிளப்பிவிடுவார்கள். வேறு வழியின்றிக் கடைக்காரர் அதை நோட்டில் வரவு வைத்துக்கொள்வார். மறுநாள் காலை அந்தக் கணக்கில் டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டுப் போவது, முதல் நாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவர்.