எக்ஸ்போஷர் சாப்பிட்டாச்சா?

வார இறுதி நெருங்கினால் சென்னை இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்டர் முளைக்கும். கறுப்புப் பின்னணி, கிழிந்த எழுத்து, ஓங்கிய முஷ்டி. ‘உள்ளூர்க் குரல்களின் இரவு.’ இரண்டு ராக் பேண்ட், மூன்று ராப் பாடகர்கள். இடம், ஏதோ ஒரு நட்சத்திர ஓட்டலின் பப். ஓட்டலின் பெயர் பெரிது. பீர் கம்பெனியின் பெயர் அதைவிடப் பெரிது. பாடுகிறவர்களின் பெயர் வேண்டுமென்றால் இரண்டு விரலால் திரையை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராக் கேட்க ஏன் நட்சத்திர ஓட்டலுக்குப் போக வேண்டும்? இந்த ஊர் வேறு இடம் வைக்கவில்லை. மதுக்கூட உரிமம் ஓட்டலுக்கு உண்டு, மெம்பர் கிளப்புக்கு உண்டு. இரண்டும் இல்லையென்றால் டாஸ்மாக்கை ஒட்டிய பார். தெருமுனையில் சின்னதாக ஒரு பப், ஓரத்தில் ஒரு மேடை என்பதெல்லாம் நம் ஒழுக்கத்துக்கு ஆகாது. 2023-24இல் டாஸ்மாக் வழியாக மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வாரிய அரசின் ஒழுக்கம் அது.

சரி, ஓட்டல் வாசலுக்கு வருவோம். வியாசர்பாடிப் பையன் ஒருவன் அன்றைக்கு ராப் பாடுகிறான் என்று வையுங்கள். தெருவில் தேங்கும் தண்ணீரை, காரணமில்லாமல் வண்டியை மடக்கும் போலீஸைப் பாடுகிறவன். கேட்க அவன் தெருக்காரர்கள் எட்டுப் பேர் ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறார்கள். பவுன்சர் கையை நீட்டுகிறார். “ஸ்டாக் என்ட்ரி இல்ல தம்பி.” ஆம்பளைகள் மட்டும் வந்தால் ஆகாதாம், ஜோடியாக வர வேண்டுமாம். போதாததற்கு ஒருவன் காலில் ரப்பர் செருப்பு. “ட்ரெஸ் கோட் இருக்கு.” உள்ளே மேடையில் அதே ரப்பர் செருப்போடு, மடித்துக் கட்டிய கைலியோடு அவர்களின் சிநேகிதன் நிற்கிறான். மேடையில் அது ஸ்டைல். வாசலில் அது அழுக்கு.

2014 ஜூலையில் சென்னை கிரிக்கெட் கிளப் ஒன்று, வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேட்டியைத் தடுத்தால் சிறை, உரிமமும் போகும். தமிழன் மானம் காப்பாற்றப்பட்டது. ரப்பர் செருப்புக்குத்தான் இன்னும் ஒரு நீதிபதி கிடைக்கவில்லை.

இனி கணக்கு. கார் நிறுத்தும் பையனுக்குச் சம்பளம் உண்டு. பவுன்சருக்கு உண்டு. சவுண்ட்காரருக்கு உண்டு, தராவிட்டால் மிக்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். போஸ்டர் போட்டவருக்கு உண்டு. டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினால் அரசுக்கு 18 சதவீதம் உண்டு. பாடுகிறவனுக்கு?

“எக்ஸ்போஷர், ப்ரோ. நாலு பேர் கண்ணுல படுவீங்கல்ல.”

கூடவே இரண்டு டிரிங்க் கூப்பன். குடிக்காதவனாக இருந்தால் ஒரு தட்டு பிரெஞ்ச் ஃப்ரைஸ். டிரம்மர் போரூரிலிருந்து தன் செட்டை ஏற்றிவந்த குட்டியானை வண்டிக்கு வாடகை அவன் கையிலிருந்து போகிறது. டிரைவர் எக்ஸ்போஷர் வாங்குவதில்லை. விவரமான மனுஷன்.

ஜிஎஸ்டி சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. செவ்வியல் அல்லது நாட்டுப்புறக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வாங்கினால் வரிவிலக்கு. ராக்குக்கும் ராப்புக்கும் அந்தச் சலுகை கிடையாது. நம் பையன்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வரி போட முதலில் வருமானம் வேண்டும்.

போஸ்டரில் ஓங்கிய முஷ்டி என்ன ஆயிற்று? நிகழ்ச்சிக்கு முன் மேனேஜர் அதை மடக்கிவிடுவார். “பாலிடிக்ஸ் வேணாம் ப்ரோ, ஃபன்னா பண்ணுங்க.” பாலிடிக்ஸ் பாடினால் என்ன ஆகும்? 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி ஒரு ராப் பாடினார். யூடியூபில் உலகமே பார்த்தது. 2016 மார்ச்சில், அந்த ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே சாதித்தது என்று சொன்னால், ஆலை மூடிய 2001 முதல் போராடிய தொழிலாளர்களுக்குத் துரோகம். ஆனால் தூங்கிய காதுகளில் ஊதியது அந்தப் பாட்டுதான். அந்தப் பெண் இன்றைக்கு ஒரு பப்பில் அதைப் பாட வந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஸ்பான்சர் கோபித்துக்கொள்வாராம்.

ஒன்பதுக்கு என்று அறிவித்த நிகழ்ச்சி ஒன்பதரைக்குத் தொடங்கும். முதல் வரிசை மேசையிலிருந்து ஒருவர் அனிருத் பாட்டு கேட்பார். பதினொரு மணியானதும் லைட்டைப் போட்டுவிடுவார்கள். கடைசி பேண்டுக்கு ஒன்றரைப் பாட்டு. அந்தப் பையன்களில் ஒருவன் நாளைக்கு சினிமாவில் ஒரு ஹிட் கொடுத்தால், இதே பப் லட்சங்களை நீட்டிக் கூப்பிடும். ‘நாங்கள் கண்டெடுத்த முத்து’ என்று போஸ்டரும் போடும். முத்தை ஃப்ரைஸ் கொடுத்து வாங்கிய கதை அதில் வராது.

அடுத்த முறை இப்படியொரு இரவுக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பில் வந்ததும் மேனேஜரைக் கூப்பிடுங்கள். பீர் விலை பற்றிச் சண்டை வேண்டாம், அது ஜெயிக்காத வழக்கு. பாடியவனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி, உரக்க.