மீனுக்குக் கட்டறயா, கடைக்காரனுக்குக் கட்டறயா?

ஏங் கண்ணு, அந்தப் பொட்டிய இப்படித் திருப்பு, பாக்கலாம். அடேயப்பா! எங்கூட்டு அஞ்சறப்பொட்டில கூட அஞ்சே அறதான். அத வெச்சே ஒரு குடும்பம் மூணு வேள ருசியாத் தின்னு கெடக்குது. இதுல அறைய எண்ணி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிரும் போல. அறைக்கு அற தூண்டிமுள்ளுல கட்டுன பொம்ம ஈ. அது தலையில செம்பு மணி, பச்ச மணி, ஊதா மணி, வானவில்லு மணி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இங்கிலீசுப் பேரு. பேரெல்லாம் தண்ணிபட்ட பாடாச் சொல்ற. செரி, இதுல எது எத்தன எட? ஏன் முழிக்கற?

நெறம் கேட்டா நாலு மணி நேரம் பேசற. எட கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கற. இதுல நிம்ஃபு, அதான் தண்ணிக்குள்ள இருக்கற பூச்சிக்குஞ்சு மாதிரி ஈ, அத வெச்சுத் தூண்டி போடப் போறேன்ங்கற.

ட்ரவுட் மீனு எங்க நின்னு திங்குதுன்னு தெரியுமில்ல? மேல தண்ணி வேகமா ஓடும். அடியில கல்லுல ஒரசி ஒரசி மெதுவாப் போகும். மீனு கேனையா, வேகத்துல நின்னு மல்லுக்கட்ட? அடியில கல்லோரமா நிக்குது. கல்லுல ஒட்டியிருக்கற பூச்சிக்குஞ்சு பிடி நழுவி உருண்டு வரும். வாயத் தொறக்கும், மூடும். அம்புட்டுத்தான் அதுக்குச் சோலி. உன்ற ஈ அதுக்கு ரெண்டடி மேல ஒய்யாரமாப் போனா, எந்திரிச்சு வந்து கும்பிடு போடுமா?

இந்தப் பிலுக்கு இன்னிக்கு நேத்து வந்ததில்ல. இங்கிலாந்துல ஹால்ஃபோர்டுன்னு ஒரு பெரிய மனுசன் இருந்தாரு. தண்ணிக்கு மேல மெதக்கற ஈயத்தான் போடணும், அதான் மருவாதின்னு ஒரு கூட்டத்தையே நம்ப வெச்சாரு. ஸ்க்யூஸ்னு ஒரு வக்கீலு, "அய்யா, மீனு பாதி நேரம் தண்ணிக்கு உள்ளதான் திங்குது"ன்னாரு. சொன்னது குத்தமாப் போச்சு. 1938ல லண்டனுல கிளப்பு கூட்டி, நிம்ஃபு போடறது செரியா தப்பான்னு பட்டிமன்றமே நடத்துனாங்க. கூப்புடாம விட்டது மீனத்தான்.

அந்த நாட்டுலயே ஃப்ராங்க் சாயர்னு ஒருத்தரு. வில்ட்ஷயர்ல ஏவான் ஆத்துக்குக் காவக்காரரு. பட்டிமன்றத்துக்குப் போற ஆளில்ல, கரையில நின்னு பாக்கற ஆளு. பூச்சிக்குஞ்சு நீந்தறப்போ கால ஒடம்போட ஒட்டி வெச்சுக்குதுன்னு பாத்தாரு. அப்பறம் ஈக்குக் காலு எதுக்கு? எடுத்துட்டாரு. சேவல் ஃபெசன்ட் வாலு இறகுல நாலு இழை, மெல்லிசான செம்புக் கம்பி. ரெண்டே சாமான். நூலு கூடக் கெடையாது. கம்பியே நூலு, கம்பியே எட, கம்பியே மினுமினுப்பு. மூணு வேலைய ஒண்ணு பாத்துது. இன்னிக்கும் உலகம் பூரா மீனு அதக் கவ்வுது.

ஆனா சனம் சும்மா இருக்குமா? அவரே காலுறை ஓட்ட அடைக்கற கம்பளியச் சுத்தி இன்னொரு ஈ கட்டுனாரு. சாட்விக் கம்பெனிக் கம்பளி, நம்பரு 477. கைக்கு அது கெடச்சுது, அது நனஞ்சா வார நெறம் புடிச்சுது, கட்டுனாரு. பின்னாடி அந்தக் கம்பளி வாரது நின்னு போச்சு. அவ்வளவுதான், பித்துப் புடிச்சுருச்சு. ஒரு பழைய அட்டைக்கு நீ நான்னு போட்டி போட்டு ஏலம் எடுத்தாங்க. சாக்ஸ் தெக்கற நூலுக்கு! சுண்டக்கா கால் பணம், சொமகூலி முக்காப் பணம். 477க்கும் 478க்கும் வித்தியாசம் எந்த மீனு கண்டுச்சு கண்ணு?

செரி, எட வெச்ச ஈ எப்பிடிப் பேரு வாங்குச்சுன்னு கேளு. 1989ல ஃபின்லாந்துல உலகப் போட்டி. போலந்துக்காரரு ட்ஷெபூன்யாங்கறவரு கெலிச்சாரு. அவங்க ஊரு முறையில தூரமா வீசி அழகு காட்டறதெல்லாம் இல்ல. காலடியிலயே, தூண்டிக்கோலு நுனிக்குக் கீழயே, எட வெச்ச ஈய அடியில உருட்டி உருட்டிப் புடிப்பாங்க. செக்குக்காரங்க, ஃபிரெஞ்சுக்காரங்க, ஸ்பெயின்காரங்க எல்லாரும் அதயே புடிச்சுக்கிட்டு ஆளுக்கொரு மாதிரி ஆக்குனாங்க. உலகப் போட்டியில தங்கூசியில ஈயக்குண்டு மாட்டக் கூடாதுன்னு சட்டம். எட இருந்தா ஈக்குள்ளதான் இருக்கணும். ஈக்குத் தலையில மணி ஏத்தறது அந்தச் சட்டத்துக்கும் ஒத்து வந்துது.

அது அவங்க சட்டம். நீ எந்தப் போட்டிக்குப் போற? எட பத்தலேன்னா ஒரு சின்னக் குண்ட நசுக்கி மாட்டிட்டுப் போயேன், ஆரு உன்ன வெளிய தள்ளறாங்க? ஈயம் மட்டும் வேண்டாம். அன்னம் அத முழுங்கிச் சாகுதுன்னு இங்கிலாந்துல 1987லயே ஈயக்குண்டுக்குத் தட போட்டாங்க. அதுல ஞாயம் இருக்குது.

இப்ப எட. பித்தள தண்ணியப் போல எட்டரை மடங்கு கனம். ஈயம் 11.3. டங்ஸ்டன் 19.3. கடையில வார மணி கலப்படம், கொஞ்சம் கொறயும். இருந்தாலும் ஈயத்த விடக் கனம்தான். டங்ஸ்டனுக்குக் குடுக்கற காசு தெண்டமில்ல, அத நானே சொல்றேன். மணியோட அளவுல மட்டும் ஏமாந்துறாத. 2 மில்லிமீட்டர் மணிக்கு 4 மில்லிமீட்டர் மணி ரெட்டிப்புன்னு நெனைப்ப. எட்டு மடங்கு! 2.5ம் 3.3ம் பக்கத்துல வெச்சா கண்ணுக்குத் துளியூண்டு வித்தியாசம், எடை ரெண்டு மடங்குக்கு மேல. ஊதாவா பச்சையான்னு வெசனப்படற நேரத்துல இதப் பாத்திருக்கலாம்.

இன்னொண்ணு. தங்கூசி பருமனா இருந்தா மேல்தண்ணி அதப் புடிச்சு இழுக்கும், ஈ மேல எந்திரிக்கும். நீ என்ன பண்ணுவ? இன்னும் பெரிய மணி போடுவ. அது கல்லுல சொருகும். தங்கூசிய மெல்லிசாக்கு மொதல்ல. பாதி மணி மிச்சம்.

கட்டறது ஒண்ணும் மந்திரமில்ல. முள்ளப் புடிக்கற வைஸ எடு. 14ஆம் நம்பரு ஜிக் முள்ளு, கழுத்து வளஞ்சது. அது முள்ளு மேல பாத்துப் போகும், கல்லுல மாட்டறது கொறயும். மணிய மாட்டறப்போ துள கண்ணுப் பக்கம், பொளவு வாலுப் பக்கம். மாத்திப் போட்டீன்னா மணி தலயாட்டிக்கிட்டு நிக்கும். மணிக்குப் பின்னால மெல்லிசுக் கம்பி நாலு சுத்து. அந்தச் சுத்த நகத்துல தள்ளிப் பொளவுக்குள்ள இறுக்கு. இப்ப மணி அசையுதா? அசையாது. நூலு போடு. முயல் காது ரோமத்த நூலுல திரிச்சு, வாலுப் பக்கம் ஒல்லியா, தலப் பக்கம் கொஞ்சம் தடியாச் சுத்து. முடிச்சப் போடு, துளி ஃபெவிகுவிக். தீந்துது. பென்சில்வேனியாவுல வால்ட் யங்னு ஒருத்தரு 1980கள்ல கட்டுனது கிட்டத்தட்ட இதேதான். மணி கூட இல்லாம, கம்பி மேல ரோமம். பாக்க நெம்பக் கேவலமா இருக்கும். மீனு மூஞ்சி சுளிக்கல.

ஸ்பெயினு பெர்டிகோன் வேற சங்கதி. ரோமமே இல்லாம வழவழன்னு பசை பூசி, புற ஊதா வெளக்குல காய வெக்கறாங்க. மினுக்கறதுக்குன்னு நெனச்சுப் பல பேரு வாங்கறாங்க. அது மினுக்கறதுக்கில்ல, சர்ருனு எறங்கறதுக்கு. ரோமம் தண்ணியப் புடிக்கும், வழவழப்பு புடிக்காது. வேகமான ஆழத்துக்கு அது, மெதுவான தண்ணிக்கு முயல் ரோமம். வாலுக்கு ஸ்பெயினு லேயோன் பக்கத்துச் சேவல் இறகுதான் வேணும்ப. அங்க அந்தச் சேவல எறகுக்காகவே நூத்தாண்டுக் கணக்கா வளத்தறாங்க. 1624ல எழுதுன சுவடியிலயே அந்த எறகப் பத்தி இருக்குது. நல்ல எறகுதான், வெறப்பா நிக்கும். இல்லேன்னா மீனு வராதான்னு கேட்டா, போடா.

நம்ம ஊட்டி மலைக்கு இந்த மீனு வந்ததே தொரைங்க கொண்டாந்து. 1907ல அவலாஞ்சியில வில்சன் தொர பொரிப்பகம் போட்டாரு. அந்த வம்சத்துல எது கேட்லாக் படிச்சுட்டு வாயத் தொறக்குது? மீனு வரலேன்னா நம்மாளு உடனே ஈய மாத்தறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஒரே ஈ, மூணு எடை. கட்டு, போ. ஓடையில போட்டுப் பாரு. அடியத் தொடவே இல்லையா, கனத்த ஏத்து. போடறப்பல்லாம் மாட்டுதா, கொற. அப்பப்பத் தட்டுச்சுன்னா செரி. தங்கூசி நடுவால ஒரு மொழம் ஆரஞ்சு நூலு கட்டியிருக்கியே, உன்ற சாமான்லயே உருப்படியான நெறம் அதுதான். அது மீனுக்கில்ல, உன்ற கண்ணுக்கு. அதயே பாத்துட்டு இரு. அது தயங்குனா, நின்னா, ஒரு நூலு அக்கட்டால போனா, தூக்கு. கல்லா மீனான்னு ரோசன பண்ணிக்கிட்டு நிக்காத. தூக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?