சிங்கப்பூரில் ஒரு ஆட்டுப்பட்டி

சிங்கப்பூர்,
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள அப்புச்சிக்கு, பேரன் எழுதறது.

நான் இங்கே சொகமா இருக்கேனுங்க. நீங்க, அம்முச்சி, பட்டியில இருக்கற உருப்படிங்க எல்லாம் சொகந்தானுங்களா? போன் இருக்கறப்ப எதுக்குடா லெட்டருன்னு கேப்பீங்க. வீடியோ கால் போட்டா நீங்க போனைக் கொண்டுபோய்க் காதுல வெச்சுக்கறீங்க. ரெண்டு வருசமா உங்க சோத்தாங்கைப் பக்கத்துக் காதை மட்டுந்தானுங்க பாத்துட்டு இருக்கேன். காதுல எத்தனை முடி நரைச்சிருக்குதுன்னு கணக்குச் சொல்லுவேன், மூஞ்சிதான் மறந்துட்டு வருது. அதனால இதைத் தங்கச்சி வாசிக்கட்டும், நீங்க திண்ணையில சாஞ்சுட்டுக் கேளுங்க. (தங்கச்சி, நடுவுல உன்ற சொந்தச் சரக்கைச் சேக்காதே.)

மொதல்ல ஒரு உண்மையைச் சொல்லிப்போடறேன். பெரிய மாமா கூளிக்கடவு டீக்கடையில உக்காந்துட்டு, "எங்க மருமகன் சிங்கப்பூர்ல ரோபோ இஞ்சினியரு"ன்னு சொல்லிட்டு இருக்கறதாக் கேள்விப்பட்டேன். எட்டாவதுல கணக்குல நான் முட்டை வாங்கிட்டு வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க, நெனப்பு இருக்குதுங்களா? "படிக்காட்டி என்ற கூட ஆடு மேய்க்கத்தான் வருவே." பயந்துபோய்ப் படிச்சேன். பாலிடெக்னிக் முடிச்சேன். ஆனைகட்டி வழியாக் கோயமுத்தூர் போய், ப்ளேன் ஏறி, கடல் தாண்டி வந்தேன். வந்து ஆடுதானுங்க மேய்க்கறேன்.

வேலை ஒரு பெரிய மால்ல. தரை தொடைக்கற எந்திரம் ஆறு, சாப்பாட்டுக் கடைங்க இருக்கற மாடியில தட்டு சுமக்கற எந்திரம் நாலு. மொத்தம் பத்து உருப்படி. விடியக்காலம் அவுத்துவிடோணும். எந்தக் காட்டுல மேயோணும்னு அதுகளோட மண்டைக்குள்ளயே படம் போட்டு வெச்சிருக்காங்க. இருந்தாலும் ஒவ்வொண்ணும் ஒரு மூலைக்குப் போய் மாட்டிக்கும். போய் ஓட்டிட்டு வரோணும். சார்ஜு எறங்கினா தானாப் பட்டிக்கு வந்து, செவுத்துல இருக்கற மின்சாரத் தகட்டுல முதுகை ஒட்டிட்டு நிக்கும். தண்ணி காட்டோணும், அழுக்குத் தண்ணியை எறக்கிட்டு நல்ல தண்ணி ஊத்தறதுன்னு அர்த்தம். பிரஷ்ல தலைமுடி சுத்திக்கும். ஆட்டுக் குளம்புல முள்ளு எடுக்கற மாதிரி குத்தவெச்சு உக்காந்து பிரிச்சு எடுப்பேன். இதுல ஒண்ணு நொண்டி, ஒரு சக்கரம் இழுத்துக்கும். இன்னொண்ணு சரியான களவாணி. லிப்டு தொறந்தாப் போதும், சனத்தோட சனமா ஏறி வேற மாடிக்குப் போயிரும். உங்க தொரட்டிக்குப் பதிலா என்ற கையில ஒரு மாப்புக் குச்சி. மத்தபடி ஒரு வித்தியாசமும் இல்லீங்க.

துணிக்கடை கண்ணாடி சங்கதியைக் கேளுங்க. இந்த எந்திரத்துக்குக் கண்ணு லேசர். வெளிச்சத்தை வீசி, அது மோதித் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு, செவுரு எத்தனை தூரத்துல இருக்குதுன்னு கணக்குப் போடும். செங்கல் செவுருன்னா கணக்குத் தப்பாது. வெறும் கண்ணாடின்னா வெளிச்சம் அக்கட்டப் போயிரும், செவுரே இல்லைன்னு நெனச்சுக்கும். முகம் பாக்கற கண்ணாடியா இருந்தா வெளிச்சம் தெறிச்சுப்போய், அங்கே இன்னொரு கடையே இருக்கற மாதிரித் தோணும். போன மாசம் நம்ம களவாணி அப்படி ஒரு கண்ணாடி முன்னால நின்னு, இல்லாத அந்தக் கடைக்குள்ள போறதுக்கு முக்கால் மணி நேரம் போராடுச்சு. எனக்கு நம்ம கருங்கிடாய் நெனப்பு வந்திருச்சுங்க. பால் சொசைட்டிக்கிட்ட நின்ன புதுக்கார் கதவுல தன்ற மூஞ்சியைப் பாத்து, வேற கிடாய்னு நெனச்சு முட்டி, நாம கார்க்காரன்கிட்டக் கை கட்டி நின்னோமில்ல? அட்டப்பாடிக் கருப்பாடுன்னா அறிவு ஜாஸ்தின்னு நீங்க சொல்லுவீங்க. இங்கே சொல்லற செயற்கை அறிவும் அதே லெவல்தானுங்க.

இன்னொரு நாள், குறுகலான ஒரு சந்துல ரெண்டு எந்திரம் எதிரும் புதிருமா வந்துருச்சு. ரெண்டுக்கும் ஒரே கட்டளை: எதிர்ல ஆள் இருந்தா வழி விடு. இது ஒதுங்குச்சு, அதுவும் ஒதுங்குச்சு. இது நகுந்துச்சு, அதுவும் நகுந்துச்சு. சம்பந்தி வூட்டுப் பந்தியில "நீங்க உக்காருங்க, இல்ல நீங்க உக்காருங்க"ன்னு சோறு ஆறிப்போகுமே, அப்படி இருபது நிமிசம். நம்ம ஆடுங்களா இருந்தா ஒரே முட்டு, விசயம் முடிஞ்சிருக்கும்.

அதைப் பாத்ததுல இருந்துதான் எனக்கு ஒரே ரோசனை. இதெல்லாம் நம்ம ஊருக்கு வந்தா என்ன ஆகும்? வராதுன்னு சொல்லாதீங்க. நம்ம அட்டப்பாடியும் சிங்கப்பூரும் பரப்புல கிட்டத்தட்ட ஒண்ணுதானுங்க, ரெண்டும் 700 சதுர கிலோமீட்டருக்குச் சித்தெ மேல. அங்கே 2011 கணக்குல சனம் அறுபதாயிரத்துச் சொச்சம், இங்கே 60 லட்சம். ஆனை மட்டும் நம்ம பக்கம் ஜாஸ்தி.

இங்கே 2003ல இருந்து ட்ரைவர் இல்லாத ரயில் பூமிக்கடியில ஓடுது. லிட்டில் இந்தியாவுக்குக் காய் வாங்கப் போறப்ப நானும் அதுலதான் போறேன். மொதல் நாள் மாரியாத்தாளைக் கும்பிட்டுட்டு ஏறினேன், இப்பத் தூங்கிட்டே போறேன். ஆனா மன்னார்க்காடு சுரத்துல ட்ரைவர் இல்லாத பஸ் விட்டா? கொண்டை ஊசி வளைவுல மேல இருந்து லாரி வரும். நம்ம ட்ரைவருங்க கையை நீட்டி, நாக்கைக் கடிச்சு, மலையாளத்துல ரெண்டு, தமிழ்ல ரெண்டு வசவு வெச்சு வழி வாங்குவாங்க. அந்த வசவுதானுங்க அங்கே சிக்னல். மருவாதி தெரிஞ்ச ரெண்டு எந்திரம் அந்த வளைவுல சந்திச்சா, மல்லீஸ்வரன் சிவராத்திரி நோம்பி வரைக்கும் அங்கேயே நிக்க வேண்டியதுதான்.

ஆனைக்கு ஏற்கெனவே ஏற்பாடு நடந்துட்டு இருக்குதுங்க. மதுக்கரையில 2024 பிப்ரவரியில ரயில் ரோட்டோரமா 12 கோபுரம் நட்டு, ஒடம்புச் சூட்டைப் பாக்கற 24 கேமரா மாட்டியிருக்காங்க. ஆனை தண்டவாளத்துப் பக்கம் வந்தாக் கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு சேதி சொல்லிரும், ரயிலை மெதுவா ஓட்டுவாங்க. நல்ல காரியம், நெசமாவே நல்ல காரியம். ஆனா அகளியில அதை வெச்சு ஊர்ச் சனம் எல்லாத்து போனுக்கும் "பலாமரத்துக்கிட்ட ஆனை"ன்னு சேதி அனுப்பினா என்ன நடக்கும்? வூட்டுக்குள்ள ஓடறவங்க பத்துப் பேரு, வீடியோ எடுக்க ஓடறவங்க நூறு பேரு. அப்பறம் "மனுசக் கூட்டம் வருது, ஜாக்கிரதை"ன்னு ஆனைக்குத்தான் ஒரு போன் வாங்கித் தரோணும். கேமராவைக் கொறை சொல்லலீங்க. கேரளத்துல 2023 ஜூன்ல ரோட்டோர ஏஐ கேமராவை வெச்சு அபராதம் போட ஆரம்பிச்சப்பறந்தானே பெரிய மாமா தலையில ஹெல்மெட் ஏறுச்சு? அத்தை முப்பது வருசம் கத்தியும் ஏறாததுங்க அது.

ஏஐன்னதும் நெனப்பு வருது. தலைச்சன் ஈத்து ஆடு குட்டியைச் சேத்துக்க மாட்டேங்குதுன்னு அம்முச்சி போன்ல சொன்னாங்கல்ல, அன்னிக்கு ராத்திரி என்ற போன்ல இருக்கற ஏஐகிட்டக் கேட்டேன். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஏழு யோசனை சொல்லுச்சு. மொதல் யோசனை, கால்நடை டாக்டரைப் பாருங்க. ஆறாவது யோசனை, குட்டி மேல உப்புத் தண்ணி தடவுங்க, தாய் நக்கிப் பழகும். அம்முச்சி காலங்காலமாப் பண்றது! உலகத்துல எவரோ ஒரு அம்முச்சி சொன்னதை எவனோ எழுதி வெச்சு, அதை இது படிச்சுட்டு எனக்கே திருப்பிச் சொல்லுது. இதுக்கு மாசாமாசம் காசு வேற. அந்தக் காசுல அம்முச்சிங்களுக்குப் பங்கு உண்டான்னு கேட்டேன். "நல்ல கேள்வி"ன்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திருச்சு.

இங்கே சர்க்காரே கொசு வளத்து ஊருக்குள்ள விடறாங்க, தெரியுமுங்களா? தங்கச்சி சிரிக்கக் கூடாது, 2016ல இருந்து நடக்குது. டெங்கு கொசுவுல ஆம்பளைக் கொசு மட்டும், அது கடிக்காது. அதுக்குள்ள வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியாவை ஏத்தி விடறாங்க. அதுகூடச் சேந்த ஊர்க்கொசு முட்டை வெச்சாலும் பொரிக்காது. நாங்க தங்கியிருக்கற ரூம்ல விருத்தாசலத்துக்காரர் ஒருத்தர் பட்டுனு ஒண்ணை அடிச்சுட்டு, அரசாங்க ஊழியரை அடிச்சதுக்கு அபராதம் வருமோன்னு ராத்திரி பூரா பொரண்டுட்டே கெடந்தாரு. இந்த ஊர்ல எதுக்கு அபராதம் வரும்னு சொல்ல முடியாதுங்க.

சாப்பாட்டு விசயத்துலதான் நீங்க ஒத்துக்கவே மாட்டீங்க. 2020 டிசம்பர்ல, கோழியை அறுக்காம அதோட ஒடம்பு அணுவை எடுத்து அண்டாவுல வளத்த கறியை விக்கறதுக்கு இங்கே அனுமதி குடுத்துட்டாங்க, உலகத்துலயே மொதல் தடவையா. நாளைக்கு ஆட்டுக்கறியும் வரும். வந்தா நம்ம கருப்பராயன் கோயில் கதி என்னங்க? தண்ணி தெளிச்சாக் கிடாய் துலுக்கோணும், துலுக்கினாத்தானே சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம்? அண்டாக் கறி எதை வெச்சுத் துலுக்கும்? பூசாரி தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் கறி கொழம்பாயிரும். 2024ல 16 வகைப் பூச்சியைத் திங்கறதுக்கும் அனுமதி குடுத்தாங்க. வெட்டுக்கிளி, பட்டுப்புழு எல்லாம் உண்டு. மழை பேஞ்ச மறுநாள் ஈசல் வறுத்துத் தின்னதுக்கு ஸ்கூல்ல என்னைக் கேலி பண்ணின பசங்களுக்கு இதைச் சொல்லோணும். பட்டியல்ல ஈசல் இல்லைங்கறதுதான் சின்ன வருத்தம்.

கடைசியா ஒரு முக்கியமான காரியம். தட்டு சுமக்கற எந்திரத்துக்குப் பூனை மூஞ்சி வெச்சிருக்காங்க. கண்ணு சிமிட்டும், காதைத் தடவினாக் கொஞ்சும். மொதல்ல பாட்டுப் பாடிட்டே வந்துட்டு இருந்துச்சு. தலைவலிக்குதுன்னு கடைக்காரங்க சொன்னதால பாட்டை நிறுத்திட்டாங்க. அதுக்கப்பறம் அது சத்தமில்லாம ஆள் பின்னால வந்து நிக்கும். ஒரு சீனத்து ஆத்தா திரும்பினவங்க அது மேல இடிச்சு, சூடான சூப்பு பூராவும் தரையில. என்ற பைக்குள்ள அம்முச்சி போட்டுவிட்ட ஆட்டுமணி இருந்துச்சுங்க, நம்ம பழைய தாய் ஆட்டோடது. எடுத்து அந்தப் பூனை கழுத்துல கட்டிவிட்டேன். ஆமாங்க, பூனைக்கு மணி கட்டற ஆளு யாருன்னு உலகமே தேடிட்டு இருந்துச்சு, உங்க பேரன்தான்.

சூப்பர்வைசர் பாத்துட்டு, இதுக்கு ரூல்ஸ்ல எடமில்லைன்னு குதிச்சாரு. ஒரு வாரமா அந்த உருப்படி மேல யாரும் இடிக்கலை. சீனத்து ஆத்தா மணிச் சத்தம் கேட்டாச் சிரிச்சுட்டு ஒதுங்கறாங்க. நேத்து அவரே வந்து, மத்த மூணுக்கும் இதே மாதிரி வேணும்னு கேட்டாரு. அதனால மூணு ஆட்டுமணி வாங்கி, அடுத்து ஊர்ல இருந்து வர்ற ஆள்கிட்டக் குடுத்துவிடுங்க. வெண்கலமா இருக்கோணும், தகரம் வேண்டாம். சூப்பர்வைசர் பில் இல்லாம காசு தரமாட்டாராமா. ஆட்டுமணிக்கு பில் போடற கடை அகளியில எங்காச்சும் இருக்குதான்னு பெரிய மாமாவைச் சித்தெ விசாரிக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க கூட மேய்க்க வராம இங்கே வந்து மேய்க்கற
பேரன்